நெய்வேலி சுரங்கத் தண்ணீருக்கு வயது என்ன? நியூட்ரான் காட்டிக்கொடுக்கும் ரகசியம்!

சென்னையில் குடிநீர்ப் பஞ்சம் தலைதூக்கினால் செய்திகளில் தவறாமல் அடிபடும் ஊர் நெய்வேலி. 2017-ல் வீராணம் ஏரி வறண்டபோது, சென்னைக்கு வரும் ராட்சதக் குழாயில் ஓடியது நெய்வேலி பகுதியின் நிலத்தடி நீரும், சுரங்க நீரும்தான்.

ஆனால் கடலூர் மாவட்டத்தில் இதே தண்ணீரைப் பற்றி வேறு பேச்சு. முன்னெல்லாம் போர் போட்டால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கி வரும், இப்போ ஆழம் போய்க்கிட்டே இருக்கு என்ற ஆதங்கம் அங்கே பல காலமாக உண்டு.

இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி. நெய்வேலி மண்ணுக்குக் கீழிருந்து இரவு பகலாக இறைக்கப்படும் தண்ணீர், போன வருஷம் பெய்த மழையா? இல்லை, கீழடியில் ஜனங்கள் வாழ்ந்த காலத்துக்கும் முன்னாடி பெய்த மழையா?

பார்த்தால் தெரியாது. குடித்துப் பார்த்தாலும் தெரியாது. சாதாரண வேதியியல் பரிசோதனையிலும் பிடிபடாது. பதில் இருப்பது அணுவின் மையத்தில், நியூட்ரான்களின் எண்ணிக்கையில். பள்ளிக்கூடத்தில் 2 மார்க் கேள்வியாகப் படித்து மறந்துபோன 'ஐசோடோப்பு' சமாச்சாரம்தான் இது.

சுரங்கத்தில் ஏன் தண்ணீர் இறைக்கிறார்கள்?

நெய்வேலியின் கதையே தண்ணீரில்தான் தொடங்குகிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழாரின் நிலத்தில் தண்ணீருக்காக ஆழ்துளை போட்டபோது கறுப்பாக ஏதோ வெளியே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி, அதாவது லிக்னைட். பின்னர் 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் உருவானது. 1957-ல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-ல் முதன்முதலாக நிலக்கரிப் படுகை கண்ணில் பட்டது. 1962-ல் மின் உற்பத்தி ஆரம்பம்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கரிப் படுகைக்கு நேர் கீழே தண்ணீர் நிரம்பிய மணற்பாறை அடுக்கு இருக்கிறது. 'நீர்த்தாங்கி' என்று இதைச் சொல்வார்கள். ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் பாறை என்று வைத்துக்கொள்ளலாம். மேலே தண்ணீர் புகாத களிமண் அடுக்கு மூடிபோல் இருப்பதால் உள்ளே அழுத்தம் அதிகம். நெய்வேலியில் இது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம். குழாய் சொருகினால் 60 மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 20 மாடி உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கக்கூடிய சக்தி இது.

மேலே இருக்கும் 50 மீட்டருக்கும் அதிகமான மண்ணை ராட்சத இயந்திரங்களால் அள்ளி எடுத்துவிட்டால் என்ன ஆகும்? மூடியின் கனம் போய்விடும். கீழே இருக்கும் தண்ணீர் சுரங்கத்தின் தரையையே பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து, 24 மணி நேரமும் தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் கரி வெட்ட முடியும். 1961-ல் ஆரம்பித்த இந்த இறைப்பு இன்றைக்கும் நிற்கவில்லை. நிறுத்தவும் முடியாது.

அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இறைக்கிறோம். அந்த அளவுக்குத் திரும்ப நிரம்புகிறதா? இங்கேதான் ஐசோடோப்பு உள்ளே வருகிறது.

ஒரே பெயர், வேறு வேறு எடை

அணுவின் நடுவில் அணுக்கரு. அதற்குள் புரோட்டான்களும் நியூட்ரான்களும். வெளியே எலக்ட்ரான்கள் சுற்றுகின்றன. இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஒரு தனிமம் எது என்பதை முடிவு செய்வது புரோட்டான் எண்ணிக்கை மட்டும்தான். 6 புரோட்டான் என்றால் கார்பன். 7 என்றால் நைட்ரஜன். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஆளே மாறிவிடும். ஆனால் நியூட்ரான் எண்ணிக்கையில் அவ்வளவு கண்டிப்பு கிடையாது. 6 நியூட்ரான் உள்ள கார்பனும் கார்பன்தான், 7 உள்ளதும் கார்பன்தான், 8 உள்ளதும் கார்பன்தான். புரோட்டானையும் நியூட்ரானையும் கூட்டி கார்பன்-12, கார்பன்-13, கார்பன்-14 என்று அழைக்கிறார்கள். ஒரே தனிமத்தின் இந்த மாதிரி எடை வேறுபட்ட வடிவங்கள்தான் ஐசோடோப்புகள்.

ஒரே பள்ளி, ஒரே யூனிஃபார்ம். ஒருவன் முதுகில் மட்டும் புத்தகப் பை கொஞ்சம் கனம். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வேதிவினைகளை நடத்துவது எலக்ட்ரான்கள் என்பதால், ஐசோடோப்புகள் வேதியியலில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். மாடிப்படி ஏறச் சொன்னால்தான் கனமான பை யாரிடம் என்று தெரியும்.

நியூட்ரான் எதற்குத் தேவை? புரோட்டான்கள் எல்லாமே நேர்மின்சுமை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். அவற்றைச் சேர்த்துக் கட்டிவைக்க உதவுவது நியூட்ரான்கள். சிறிய அணுக்களில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் போதும். பெரிய அணுக்களில் நியூட்ரான் கூடுதலாக வேண்டும். ஈயத்தில் 82 புரோட்டானுக்கு 126 நியூட்ரான் வரை இருக்கும். இந்த விகிதம் சரியில்லை என்றால் அணுக்கரு நிலையாக நிற்காது. கதிரை வெளியேற்றி வேறொன்றாக மாறிவிடும். அதுதான் கதிரியக்கம்.

தனிமத்துக்குத் தனிமம் இந்தச் சுதந்திரம் மாறும். வெள்ளீயம் தாராளம், நிலையான ஐசோடோப்புகள் மட்டும் 10. நம் வீட்டு பீரோவில் இருக்கும் தங்கமோ படு கறார். இயற்கையில் ஒரே வடிவம்தான்: 79 புரோட்டான், 118 நியூட்ரான். உப்பில் இருக்கும் குளோரினில் 35, 37 என இரண்டு வகை, நான்கில் மூன்று பங்கு 35. பாடப் புத்தகத்தில் குளோரினின் எடை 35.5 என்று அரையும் குறையுமாக இருப்பதற்குக் காரணம் இந்தச் சராசரிதான்.

ஒரு சுவாரஸ்யம். 'ஐசோடோப்பு' என்ற சொல்லை பிரிட்டிஷ் வேதியியலாளர் ஃபிரெடரிக் சாடி பயன்படுத்தியது 1913-ல். அந்தச் சொல்லை அவருக்கு எடுத்துக் கொடுத்தது மார்கரெட் டாட் என்ற பெண் மருத்துவர். நியூட்ரானை ஜேம்ஸ் சாட்விக் கண்டுபிடித்ததோ 1932-ல். அதாவது, எடை ஏன் மாறுகிறது என்று தெரிவதற்கு 19 வருஷம் முன்பே, மாறுகிறது என்று தெரிந்து பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஒரு நியூட்ரானில் என்ன வந்துவிடப் போகிறது?

நிறைய. தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. சாதாரண ஹைட்ரஜனில் நியூட்ரானே கிடையாது. ஒரு நியூட்ரான் சேர்ந்தால் டியூட்டீரியம். அந்த டியூட்டீரியத்தால் ஆன தண்ணீர்தான் 'கனநீர்'. சாதாரணத் தண்ணீரைவிட சுமார் 11 சதவீதம் அடர்த்தி அதிகம். கனநீர் ஐஸ் கட்டியைச் சாதாரணத் தண்ணீரில் போட்டால் மிதக்காது, முழுகிவிடும்!

1984-ல் வணிக ரீதியான மின் உற்பத்தியைத் தொடங்கிய கல்பாக்கம் சென்னை அணுமின் நிலையம் இந்தக் கனநீரை நம்பி இயங்குவது. அதனால் அங்கே யுரேனியத்தைச் செறிவூட்டாமல், இயற்கையில் கிடைக்கும் அதே ஐசோடோப்பு விகிதத்திலேயே எரிபொருளாகப் பயன்படுத்தலாம். கூடங்குளத்தில் சாதாரண நீர். எனவே அங்கே யுரேனியம்-235 கூடுதலாகச் செறிவூட்டப்பட்ட எரிபொருள் தேவை. இரண்டு அணு உலைகளுக்கும் உள்ள இந்தப் பெரிய வித்தியாசத்தின் ஆணிவேர் ஹைட்ரஜனில் ஒரு நியூட்ரான், யுரேனியத்தில் மூன்று நியூட்ரான். யுரேனியம்-235க்கும் 238க்கும் உள்ள இடைவெளி அதுதானே.

கீழடிக்கு வேலை செய்த கடிகாரம்

இப்போது வயது விஷயத்துக்கு வருவோம்.

வானத்தின் உயரத்தில் விண்வெளிக் கதிர்கள் காற்றோடு மோதும்போது நியூட்ரான்கள் தெறிக்கின்றன. அப்படித் தெறித்த நியூட்ரான் ஒன்று நைட்ரஜன் அணுவுக்குள் புகுந்து, ஒரு புரோட்டானை வெளியே தள்ளிவிடும். 7 புரோட்டான், 7 நியூட்ரான் இருந்த நைட்ரஜன், 6 புரோட்டான், 8 நியூட்ரான் உள்ள கார்பன்-14 ஆக மாறிவிடும். இது மிக மிகக் குறைவு. காற்றில் இருக்கும் கார்பனில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி அணுக்களுக்கு ஒன்றுதான் கார்பன்-14.

அது கார்பன் டை ஆக்சைடாகி, செடிக்குள் போய், செடியைத் தின்னும் உயிர்களுக்குள் போகிறது. உயிரோடு இருக்கும்வரை செலவாவது ஈடாகிக்கொண்டே இருக்கும். இறந்த பிறகு வரவு கிடையாது, செலவு மட்டும்தான். 5,730 ஆண்டுகளில் பாதி போய்விடும். அடுத்த 5,730 ஆண்டுகளில் மிச்சத்தில் பாதி. இதற்குப் பெயர் 'அரை ஆயுள்'.

கீழடி அகழாய்வில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று தமிழகத் தொல்லியல் துறை 2019-ல் அறிவித்தது நினைவிருக்கும். அமெரிக்காவின் மியாமியில் உள்ள ஆய்வகம் அளந்து சொன்ன காலம் அது. அளந்தது இந்தக் கார்பன்-14ஐத்தான். 2,600 ஆண்டுகள் என்றால் ஆரம்பத்தில் இருந்ததில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக மிச்சம் இருக்கும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் வருஷம் கிடைத்துவிடும்.

நெய்வேலி கரியில் அது சுத்தமாக இல்லை

அதே ஆய்வகத்துக்கு ஒரு துண்டு நெய்வேலி நிலக்கரியை அனுப்பினால்? பதில்: கார்பன்-14 இல்லை. இது ஆய்வகத்தின் தவறு அல்ல. சுமார் 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அளக்கக்கூடிய அளவுக்குக் கார்பன்-14 மிஞ்சாது. நெய்வேலி கரி உருவாகிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. அது மயோசீன் காலத்துக் காடா, அதற்கும் முந்தைய இயோசீன் காலத்துக் காடா என்பதில்தான் புவியியலாளர்களிடையே கருத்து வேறுபாடு. எதுவாக இருந்தாலும் கார்பன்-14 கடிகாரம் எப்போதோ நின்றுபோன காலம்.

கேட்கச் சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் காலநிலை விவாதத்தில் இது பெரிய சாட்சி. காற்றில் கார்பன் டை ஆக்சைடு அதிகரிப்பதற்கு மனிதர்கள் காரணமில்லை, எரிமலைதான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வாதத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். கரி, பெட்ரோல், டீசல் எரிந்து வரும் கார்பனில் கார்பன்-14 கிடையாது. அது காற்றில் கலக்கக் கலக்க, காற்றின் கார்பன்-14 விகிதம் நீர்த்துப்போகும். இப்படி நீர்த்துப்போவதை 1950-களிலேயே ஹான்ஸ் சூஸ் என்ற விஞ்ஞானி மர வளையங்களில் கண்டுபிடித்தார்.

சரி, எரிமலைக் கார்பனிலும் கார்பன்-14 கிடையாதே? உண்மைதான். அங்கேதான் இன்னொரு சகோதரன் கைகொடுக்கிறான், கார்பன்-13. செடிகள் இலேசான கார்பன்-12ஐயே விரும்பி எடுக்கும். அதனால் செடியிலிருந்து உருவான கரியிலும் எண்ணெயிலும் கார்பன்-13 குறைவு. எரிமலை வாயுவில் அப்படி இல்லை. காற்றில் கார்பன்-13 விகிதமும் சேர்ந்தே குறைந்துவருகிறது. கைரேகை எரிமலையுடையது இல்லை. நெய்வேலி அனல்மின் நிலையப் புகைபோக்கி உட்பட, உலகம் முழுக்க எரியும் கரி, எண்ணெயின் கைரேகை.

தண்ணீருக்கு எப்படி வயது பார்ப்பது?

தண்ணீரில் கார்பன் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்கள் சுவாசித்து வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு போகும். அதில் புது கார்பன்-14 இருக்கும். அந்தத் தண்ணீர் களிமண் மூடிக்கு அடியில் நுழைந்ததும் காற்றோடு தொடர்பு அறுந்துவிடும். வரவு நின்றுபோகும். கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். கரித்துண்டுக்குச் செய்யும் அதே கணக்கு இங்கேயும்.

ஒரு தொல்லை உண்டு. வழியில் சுண்ணாம்புப் பாறை இருந்தால், அதிலுள்ள பழங்காலக் கார்பனும் கரைந்து, தண்ணீரை உள்ளதைவிட வயதானதாகக் காட்டும். அதைக் கழித்துத் திருத்தம் செய்ய வேண்டும். இதனால்தான் நிலத்தடி நீரின் வயதை யாரும் 'சரியாக 4,312 வருஷம்' என்று சொல்வதில்லை.

புதுத் தண்ணீருக்கு வேறு கடிகாரம், டிரிட்டியம். இது இரண்டு நியூட்ரான் உள்ள ஹைட்ரஜன். அரை ஆயுள் 12.3 ஆண்டுகள்தான். தண்ணீர் மூலக்கூறின் உள்ளேயே இருப்பதால், இதற்குப் பாறை திருத்தம் எல்லாம் தேவையில்லை. அளக்கும் அலகே வேடிக்கையானது. பத்தாயிரம் கோடி கோடி ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்று டிரிட்டியம் என்றால், அது 'ஒரு டிரிட்டியம் அலகு'.

இயற்கையிலேயே மழையில் கொஞ்சம் டிரிட்டியம் உண்டு. ஆனால் 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானத்தில் வெடித்த ஹைட்ரஜன் குண்டுகள் மழைநீரின் டிரிட்டியத்தைப் பல மடங்கு ஏற்றிவிட்டன. உச்சம் 1963. அந்த ஆண்டுதான் வளிமண்டல அணு வெடிப்புக்குத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. சர்வதேச அணுசக்தி முகமை 1960-களின் ஆரம்பத்திலிருந்து உலகெங்கும் மழைநீரின் ஐசோடோப்புகளைப் பதிவு செய்துவருகிறது. ஆக, ஒரு கிணற்றுத் தண்ணீரில் டிரிட்டியம் தெரிந்தால் அதில் கடந்த சில பத்தாண்டுகளின் மழை கலந்திருக்கிறது. இல்லவே இல்லை என்றால் அது குண்டு வெடிப்புகளுக்கு முந்தைய தண்ணீர்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் இதை இன்னொரு விதமாகவும் பயன்படுத்தினார்கள். மழைக்காலத்துக்கு முன் நிலத்தில் சில அடி ஆழத்தில் மிகச் சிறிய அளவு டிரிட்டியம் கலந்த நீரைச் செலுத்திவிடுவார்கள். மழை முடிந்ததும் அதே இடத்தில் மண்ணை அடுக்கடுக்காக எடுத்து, டிரிட்டியம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். புது மழைநீர் பழையதைக் கீழே தள்ளிய தூரம் தெரிந்துவிடும். பெய்த மழையில் எத்தனை சதவீதம் உண்மையில் நிலத்தடிக்குப் போனது என்பதற்குக் கையில் கணக்கு கிடைக்கும்.

நெய்வேலியில் கிடைத்த பதில்

நெய்வேலியின் நீர்த்தாங்கி 'கடலூர் மணற்கல்' எனப்படும் பாறை அடுக்கு. அது வடமேற்கில், விருத்தாசலம் பக்கத்து மேட்டு நிலங்களில், தரைக்கு மேலேயே தலைகாட்டுகிறது. முந்திரியும் பலாவும் விளையும் அந்தச் செம்மண் மேடுதான் மழைநீர் உள்ளே போகும் வாசல். அங்கிருந்து மெல்ல மெல்ல தென்கிழக்கே, நெய்வேலிக்கு அடியில் நுழைந்து, கடலை நோக்கி நகர்கிறது.

ஐசோடோப்பு ஆய்வுகள் காட்டியதும் இதே வரிசையைத்தான். வாசலுக்குப் பக்கத்தில் தண்ணீர் இளசு. மூடிக்கு அடியில் கடல் பக்கம் போகப் போக கார்பன்-14 குறைந்துகொண்டே போகிறது, வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஏறுகிறது. தென்னிந்தியாவின் ஆழ்நிலை நீரில் பதிவாகியிருந்த ஐசோடோப்புகளை வைத்துக் கடந்த 30,000 ஆண்டுகளின் தட்பவெப்பத்தையே படித்துக் காட்டும் கட்டுரையை, அதே ஹைதராபாத் நிறுவனத்தின் சுகிஜா உள்ளிட்ட விஞ்ஞானிகள் 1998-ல் வெளியிட்டார்கள். நிலத்தடி நீர் ஒரு பழைய டைரி மாதிரி.

அப்போ, ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பதில்? ஆழத்திலிருந்து வருவது போன வருஷ மழை அல்ல. அதில் பெரும்பகுதி நம் பாட்டன் பூட்டன் காலத்துக்கும் முந்தையது.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. தண்ணீர் பழசு என்றால் 'அதோடு தீர்ந்தது, இனி வராது' என்று அர்த்தமில்லை. வயது சொல்வது, வாசலிலிருந்து இங்கே வந்து சேர எவ்வளவு காலம் ஆனது என்பதை. ரயில் பெட்டிகள் வரிசையாக நகர்வதுபோல, முன்னால் ஒன்று வெளியே போனால் பின்னால் ஒன்று நகரும். நிரம்புவது நின்றுவிடவில்லை. ஆனால் நகரும் வேகம் ஆமை வேகம். இறைக்கும் வேகம் மோட்டார் வேகம். வருஷா வருஷம் வாசலில் நுழையும் அளவைவிட அதிகம் எடுத்தால், மிச்சம் வருவது பூர்வீகச் சொத்திலிருந்துதான். அழுத்தம் குறையும், தானாகப் பொங்கிய ஊற்றுகள் நிற்கும், போர்களின் நீர்மட்டம் இறங்கும்.

அதனால் இன்னொரு விஷயமும் தெளிவாகிறது. நல்ல மழை பெய்த மறுவருஷமே ஆழ்நீர் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. கடலூரில் கொட்டிய மழையில் ஏரி குளம் நிரம்பும், மேல்மட்டக் கிணறுகள் ஊறும். மூடிக்கு அடியில் இருக்கும் நீர்த்தாங்கிக்கு வாசல் வேறு இடத்தில். அந்தச் செம்மண் மேடு கட்டிடமாகவோ சுரங்கமாகவோ மாறினால் அதன் கணக்கும் மாறும். பரவனாறு மாற்றுக் கால்வாய்க்காக 2023 ஜூலையில் வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிரில் இயந்திரங்கள் இறங்கியபோது, மேலே இருந்த பயிரையும் நிலத்தையும் பற்றிப் பேச்சு எழுந்தது. நியாயம்தான். கீழே இருக்கும் நிலத்துக்கும் இதில் பங்கு உண்டு.

கடல் உள்ளே வருகிறதா?

கடலோர மாவட்டம் என்பதால் இந்தப் பயம் இயல்பானது. தண்ணீர் உப்புக் கரித்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, கடல்நீர் நுழைந்திருக்கலாம். இன்னொன்று, பாறையிலோ மண்ணிலோ இருந்த பழைய உப்பு கரைந்திருக்கலாம். நாக்குக்கு இரண்டும் ஒரே உப்பு. பிரித்துக் காட்டுவது ஆக்சிஜன்-18.

சாதாரண ஆக்சிஜனில் 8 நியூட்ரான், இதில் 10. ஆயிரம் ஆக்சிஜன் அணுக்களில் இரண்டு இந்த ரகம். கடல்நீர் ஆவியாகும்போது கனமான பை வைத்திருக்கும் இவை பின்தங்கிவிடும். மேகம் மழையாகும்போது இவைதான் முதலில் இறங்கும். அதனால் மழைநீரில் ஆக்சிஜன்-18 கடலைவிடக் குறைவு. தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழையில், தென்மேற்குப் பருவமழையைவிடப் பொதுவாக இன்னும் குறைவு. எந்தப் பருவத்து மழை நிலத்தடிக்குப் போனது என்பதைக்கூட இதை வைத்துச் சொல்லலாம்.

கிணற்றில் உப்பும் ஏறி, ஆக்சிஜன்-18ம் சேர்ந்தே கடல்நீர் அளவை நோக்கி ஏறினால், கடல் வருகிறது என்று பொருள். உப்பு மட்டும் ஏறி, ஆக்சிஜன்-18 மாறாமல் நின்றால் கரைந்தது உள்ளூர் உப்பு. நீர்மட்டம் இறங்கிய ஒரு கடலோர நீர்த்தாங்கியில் குறிப்பிட்ட இடைவெளியில் இந்தப் பரிசோதனையைச் செய்துவந்தால், ஏறும் உப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்தறிய உதவும்.

ஐசோடோப்பு என்றாலே கதிர்வீச்சா?

இல்லை. ஆக்சிஜன்-18, டியூட்டீரியம், கார்பன்-13 எல்லாமே நிலையானவை, எந்தக் கதிரையும் வெளியிடாதவை. நீங்கள் இப்போது குடித்த தண்ணீரிலும் டியூட்டீரியம் இருந்தது. கதிரியக்கமுள்ளவையும் இயற்கையின் பகுதிதான். வாழைப்பழம், உருளைக்கிழங்கில் இருக்கும் பொட்டாசியத்தில் கொஞ்சம் பொட்டாசியம்-40 உண்டு. சராசரி எடையுள்ள ஒரு மனிதர் உடம்பில் விநாடிக்குச் சுமார் 4,000 பொட்டாசியம்-40 அணுக்கள் சிதைந்துகொண்டே இருக்கின்றன. ஆய்வுக்காக மண்ணில் செலுத்தப்படும் டிரிட்டியமும் மிகக் குறைந்த அளவில், விதிமுறைகளின்படி கையாளப்படுவது.

மங்கிவரும் டிரிட்டியக் கடிகாரம்

1963-ல் மழையோடு இறங்கிய டிரிட்டியம் இன்றோடு ஐந்து அரை ஆயுள்களைத் தாண்டிவிட்டது. அன்று 100 இருந்த இடத்தில் இன்று 3 மட்டுமே. இப்போது பெய்யும் மழையிலும் டிரிட்டியம் ஏறக்குறைய இயற்கை அளவுக்கே திரும்பிவிட்டது. 'குண்டுக்கு முன்', 'குண்டுக்குப் பின்' என்று தண்ணீரைப் பிரித்துப் பார்க்கும் வசதி வருஷத்துக்கு வருஷம் மங்கிக்கொண்டே போகிறது.

அதனால் உலகின் ஆய்வகங்கள் வேறு கடிகாரங்களைத் தேடிப் போயிருக்கின்றன. அதில் ஒன்று கிரிப்டான்-81. அரை ஆயுள் சுமார் 2 லட்சத்து 29 ஆயிரம் ஆண்டுகள். வேதிவினைகளில் ஈடுபடாத வாயு என்பதால் பாறையோடு சேர்ந்து கணக்கைக் குழப்பாது. சிக்கல் என்னவென்றால், தண்ணீரில் அது இருக்கும் அளவு மிக மிகச் சொற்பம். லேசர் ஒளியில் அணுக்களை ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ண வேண்டும். சஹாரா பாலைவனத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீர் பல லட்சம் ஆண்டுகள் பழமையானது என்று அப்படி எண்ணித்தான் சொன்னார்கள்.